தெருவில் கேட்பாரற்றுக் கிடக்கும் காலி மனை: யாரிடம், எந்த வரிசையில் போவது?

ஊர்க்குருவி:
சென்னைப் புறநகரில் 1990களில் போட்ட மனைப்பிரிவு. தெரு நடுவே இரண்டு கிரவுண்டு காலி மனை. முகப்பு 80 அடி, ஆழம் 60 அடி. மூன்று பக்கமும் வீட்டு மதில்கள், தெருப் பக்கம் மட்டும் திறந்தவெளி. உள்ளே சீமைக்கருவேலம், ஓரமெல்லாம் பார்த்தீனியம், முன்னால் கட்டட இடிபாடு, டயர், இளநீர்க் கூடு. சாலையை விட ஒன்றரை அடி பள்ளம் என்பதால் ஐப்பசியில் நிற்கும் தண்ணீர் தை வரைக்கும் வற்றாது. உரிமையாளர் யாரென்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை. நலச்சங்கம் சார்பில் மனு எழுதப் போகிறோம். யாருக்கு எழுதுவது, என்ன கேட்பது?

புலஎண்:
மனுவுக்கு முன்னால் அது யார் இடம் என்று பாருங்கள். தனியார் மனை, மாநகராட்சி இடம், புறம்போக்கு, வீட்டு வசதி வாரியம், கோயில் நிலம் எல்லாமே தெருவில் நின்று பார்த்தால் ஒரே கருவேலங்காடுதான். துறை மாறினால் மனு ஆறு மாதம் வீண்.

சர்வே எண் தெரியவில்லையா? மனையை ஒட்டிய வீட்டுக்காரரின் கிரயப் பத்திரத்தில் சொத்து விவரத்தைப் பாருங்கள். நான்கெல்லையில் 'கிழக்கில் மனை எண் இன்னது' என்று இருக்கும். அந்த எண்ணை மனைப்பிரிவு வரைபடத்தில் தேடினால் சர்வே எண் கிடைத்துவிடும். பிறகு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா எடுங்கள். நகர நிலஅளவை முடிந்த பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வரும். அடுத்து பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று; இணையத்தில் பார்க்கக் கட்டணம் இல்லை. பட்டாவில் பழைய உரிமையாளர் பெயரே தொங்கிக்கொண்டிருப்பது சகஜம், ஆகவே வில்லங்கத்தில் கடைசிப் பதிவில் வாங்கியவர் யாரோ அவர் பெயரை நம்புங்கள். அந்த ஆவண எண்ணைக் கொடுத்து சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கினால் முகவரியும் வரும்.

வரைபடத்தில் அந்த இடம் 'பூங்கா' அல்லது பொது ஒதுக்கீடு என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தர வேண்டும். எழுதிக் கொடுக்காமல் விட்டதும் உண்டு, எழுதிக் கொடுத்தும் வேலி போடாமல் விட்டதும் உண்டு. அப்படி இருந்தால் நீங்கள் கேட்க வேண்டியது சுத்தம் செய்வதை அல்ல, பூங்காவை.

தெருமுனை:
இவ்வளவு எதற்கு? வீட்டுக்கு ஆயிரம் போட்டு ஜேசிபி கூப்பிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

மனுநீதி:
முடியும். திங்கட்கிழமை உரிமையாளர் வந்து, எல்லைக்கல் நான்கும் எங்கே என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? ஜேசிபி வாளிக்கு எல்லைக்கல்லும் இடிபாட்டுக் கல்லும் ஒன்றுதான். அனுமதி இல்லாமல் உள்ளே போவது அத்துமீறல். நல்ல நோக்கம் என்பது காவல் நிலையத்தில் பேசிப் பார்க்க வேண்டிய வாதம். அதைவிட, கைவிட்ட ஆழ்துளைக் கிணறு புதருக்குள் இருந்து, அதன் குழாயை வாளி முறித்துவிட்டால் வாய் திறந்த குழிதான் மிஞ்சும். 2019இல் நடுக்காட்டுப்பட்டியில் சிறுவன் சுஜித் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் மற்ற எதற்கும் காத்திராமல் அன்றே தனிப் புகார் கொடுங்கள். மூடி போட்டால் போதாது. களிமண், மணல், சரளை கொண்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்பது 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழிமுறை.

இப்போது ஊர்க்குருவி கேட்டதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டாதீர்கள். புதர், குப்பை, கொசு, தண்ணீர், இருட்டு என்று ஐந்தையும் ஒரே தாளில் எழுதினால் ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கை காட்டும். தேங்கிய தண்ணீரும் கொசுவும் சுகாதார ஆய்வாளருக்கு. தெருவோரக் குப்பையும் இடிபாடும் திடக்கழிவுப் பிரிவுக்கு. மழைநீர் வடிகால், தெருவிளக்கு இரண்டும் உதவிப் பொறியாளருக்கு. ஆனால் இரண்டு தனித்தனித் தாள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் என்றால் 1913 என்ற புகார் தொலைபேசி எண்ணில் ஒவ்வொன்றுக்கும் தனிப் புகார் எண் வாங்குங்கள்.

உரிமையாளருக்கு அறிவிப்பு அனுப்பச் சொல்லும் மனுதான் முதன்மையானது. அது மண்டல அலுவலருக்கு, நகல் மண்டல சுகாதார அலுவலருக்கு. ஒரு பக்கம் போதும். மனை எண், சர்வே எண், அளவு, உரிமையாளர் பெயர், வில்லங்கச் சான்றின் நகல், தேதியும் இடக்குறிப்பும் பதிந்த நான்கு படங்கள். கேட்க வேண்டியது இரண்டே வரி: குறிப்பிட்ட நாளுக்குள் புதரையும் கழிவையும் அகற்றி முகப்பில் வேலி போடுமாறு உரிமையாளருக்கு அறிவிப்பு தர வேண்டும், செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்து செலவை அவரிடம் வசூலிக்க வேண்டும். 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று எழுதாதீர்கள். 'எடுக்கப்பட்டது' என்று ஒற்றை வரியில் மூட அது வழி விட்டுவிடும்.

தபால் பிரிவில் முத்திரை வாங்கிய நகல் இல்லாத மனு கொடுக்கப்படாத மனு.

ஊர்க்குருவி:
செயலியில் போட்ட புகாரை 'தனியார் இடம்' என்று எழுதி மூடிவிடுகிறார்களே?

மனுநீதி:
துப்புரவுப் பிரிவுக்குப் போன புகார் அப்படித்தான் மூடப்படும். அவர்கள் பொறுப்பு தெருவும் தொட்டியும். தனியார் நிலத்துக்குள் இறங்க உரிமையாளருக்குப் போன அறிவிப்பு என்ற காகிதம் வேண்டும், அது அவர்கள் கையில் இல்லை. அதனால்தான் அறிவிப்பைக் கேட்கும் மனு முதலில் என்கிறேன். முப்பது நாள் பார்த்துவிட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள்: இந்த மனை எண்ணுக்கு அறிவிப்பு வழங்கப்பட்டதா, அதன் நகல், காலிமனை வரி எந்த ஆண்டு வரை கட்டப்பட்டுள்ளது. 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். காரணம் கேட்டால் தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள், ஆவணம் கேட்டால் தர வேண்டும்.

கொசுப்புழு:
சுகாதார ஆய்வாளரை அழைக்கும் முன் கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் மொட்டை மாடியை ஒரு சுற்றுப் பார்த்துக்கொள்வது நல்லது. ஆய்வு காலி மனையோடு நிற்காது. மூடாத தொட்டி, குளிர்பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு எதிலாவது புழு இருந்தால் முதல் அறிவிப்பு மனுதாரருக்கே வரும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் அதிக தூரம் பறக்காது, நல்ல தண்ணீரில் முட்டையிடும். குட்டையாக நிற்கும் கலங்கல் நீரைவிட அந்த டயரும் இளநீர்க் கூடும்தான் அதற்கு வாகு. முட்டை காய்ந்த டயரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்து மழை பட்டதும் பொரியும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள். ஆகவே வாரம் ஒரு முறை காலி செய்தால் சுழற்சி அறும். பத்து நாளுக்கு ஒரு முறை என்றால் அறாது. அழுக்கு நீரில் வருவது க்யூலெக்ஸ். ராத்திரி காதோரம் பாடுவது பெரும்பாலும் இதுதான். இதற்கு எண்ணெய்ப் படலம் அல்லது பிடிஐ என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து தெளிக்கச் சொல்லுங்கள். புகை அடிக்கச் சொல்லி மன்றாட வேண்டாம். புகை பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழு அதன் பாட்டுக்கு வளரும். தெருவில் புகை வந்தால் மக்களுக்கு ஒரு திருப்தி, அவ்வளவுதான்.

புதர் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் சிற்றுண்ணி. சிற்றுண்ணிப் புழு கடித்து வரும் காய்ச்சலைத் தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் என்றே மருத்துவமனையில் சொல்கிறார்கள். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு மடிப்பு என்று மறைவான இடத்தில் இருப்பதால் பலர் கவனிப்பதில்லை. புதரில் வேலை செய்த பிறகு காய்ச்சல் வந்தால் புதரில் இறங்கினேன் என்று மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் கேட்கும் நோய் இது, தாமதமானால்தான் ஆபத்து.

களைக்கொத்து:
அனுமதி கிடைத்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சீமைக்கருவேலத்தைத் தரையோடு வெட்டுவது வெட்டாமல் விடுவதை விட மோசம். ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்துத் துளிர் கிளம்பும். துளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தில் இருக்கின்றன. அதனால் குறைந்தது ஒரு அடி தோண்டி அடித்தூரோடு எடுக்க வேண்டும். ஜேசிபிக்காரர் அவசரத்தில் வாளியின் தட்டைப் பக்கத்தால் வழித்துத் தள்ளுவார். பார்க்கச் சுத்தமாக இருக்கும், அடுத்த மழைக்கு மொத்தமும் திரும்பிவிடும். பல் வைத்த வாளியால் ஒவ்வொரு தூராக நெம்பிப் பெயர்க்கச் சொல்லிக் கூடவே நில்லுங்கள். மதிலுக்கு நாலைந்து அடிக்குள் இருக்கும் தூரை இயந்திரத்தால் இழுக்காதீர்கள். வேர் அஸ்திவாரத்துக்கு அடியில் ஓடியிருந்தால் மதிலும் சேர்ந்து வரும். அங்கே கடப்பாரையும் கோடாலியும்தான்.

நேரம்: மழைக்கு முன், ஆடி ஆவணியில். தண்ணீர் நின்றால் வண்டி புதையும், சித்திரையில் மண் இரும்பு. காய் பழுத்து உதிரும் முன் எடுத்தால் நல்லது. விதை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும், ஆகவே அடுத்த இரண்டு மழைக்காலத்துக்கும் நாற்றுகளைக் கையால் பிடுங்கும் ஆள் வேண்டும். ஒரு சாண் உயரத்தில் இரண்டு விரலால் வரும், இடுப்பளவு ஆனால் மறுபடி ஜேசிபி. ஆட்டை விட்டு மேய்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள்: இலையைத் தொடாது, காயைத் தின்னும், புழுக்கையில் விதையைத் தெருவெங்கும் நட்டுவிட்டுப் போகும்.

பார்த்தீனியம் பூப்பதற்கு முன் பிடுங்க வேண்டும். முளைத்து ஒரு மாதம் போலத்தான் அவகாசம். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கு மூடி இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் பக்கமே வர வேண்டாம். பிடுங்க முடியாத அளவு இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் கல்லுப்பு, இலையில் ஒட்ட 2 மில்லி சோப்புக் கரைசல். நல்ல வெயிலில் இலை முழுதும் நனையும்படி தெளிக்க வேண்டும். மதிலோரத்தில் தென்னை, முருங்கை இருந்தால் அந்தப் பக்கம் தெளிக்காதீர்கள், உப்பு வேரைப் பார்த்துப் பிரிக்காது. புல்லும் இதில் கருகும். வேம்பு, புங்கன் இருந்தால் அப்படியே விடுங்கள். நிழல் விழும் இடத்தில் கருவேலம் சரியாக வளராது.

பாம்பு பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள். வேலைக்கு முந்தின நாள் கம்பால் தட்டி, ஒரு பக்கமிருந்து மறுபக்கம் நோக்கிப் புதரை எடுங்கள், தப்பிக்க வழி இருக்கட்டும். மூன்று பக்கம் மதில் என்கிறீர்கள், அப்படியானால் பின்னாலிருந்து தெருவை நோக்கித்தான் வர வேண்டும். இடிபாட்டுக் குவியலைக் கையால் புரட்டக் கூடாது. கண்டால் வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். அடிப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம், அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்களும் நிறைய.

தெருமுனை:
வெட்டியதை அங்கேயே கொளுத்திவிடலாமா? லாரி வாடகை மிச்சம்.

களைக்கொத்து:
வேண்டாம். பச்சைக் கருவேலம் எரியாது, புகையும். குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் 5,000 ரூபாய், பெரிய அளவில் என்றால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016லேயே தொகை சொல்லிவிட்டது. தவிர, கருவேல விறகுக்கு இன்னும் ஆள் இருக்கிறது. கரி மூட்டம் போடுகிறவர்கள், செங்கல் சூளைக்காரர்கள் தண்டு பருத்ததாக இருந்தால் தாங்களே வந்து வெட்டி ஏற்றிக்கொள்வார்கள். முள்ளும் சிம்பும் மட்டும்தான் உங்கள் தலையில் விழும்.

வேலிக்கல்:
கணக்குப் போடாமல் ஒப்பந்தக்காரரிடம் பேசாதீர்கள். முகப்பில் 80 அடி நீளம், 20 அடி அகலம், சராசரி ஒரு அடி உயரத்துக்கு இடிபாடு என்று வைத்தால் 1,600 கன அடி, அதாவது 16 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் ஐந்து நடைக்குக் கொஞ்சம் மேல். ஆனால் குவியலைக் கலைத்து அள்ளும்போது கால் பங்கு பெருகும், ஏழு நடை என்றே பேசுங்கள். எங்கே கொட்டுவார்கள் என்று கேளுங்கள். சென்னையில் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் கட்டடக் கழிவைப் பதப்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. கேட்காவிட்டால் அடுத்த தெருக் காலி மனையில் கொட்டிவிட்டு அரை மணியில் திரும்பி வந்துவிடுவார், ஏழு நடையும் சீக்கிரம் முடிந்ததே என்று நீங்கள் மகிழ்வீர்கள்.

பள்ளத்தை நிரப்புவது வேறு கதை. 4,800 சதுர அடிக்கு ஒன்றரை அடி என்றால் 7,200 கன அடி. இறுகும் அளவும் சேர்த்தால் 85 முதல் 90 யூனிட், முப்பது நடை. கட்டாத மனைக்கு எந்த உரிமையாளரும் இதைச் செய்ய மாட்டார். அவர் செய்வதும் உங்களுக்கு நல்லதா என்று யோசியுங்கள். இப்போது தெரு வெள்ளம் போய் உட்காருகிற இடம் அந்தப் பள்ளம். அதை மூடினால் தண்ணீர் உங்கள் போர்ட்டிகோவுக்கு வரும். நிரப்பக் கேட்பதை விட, உள்ளே இருக்கும் மேடுபள்ளத்தைச் சமன்செய்து ஒரு மூலைக்குச் சரிவு கொடுத்து, அந்த மூலையில் உறிஞ்சுகுழி போடுவது மேல். ஒரு மீட்டர் நீள அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், உள்ளே உடைந்த செங்கல். களிமண் பகுதி என்றால் இந்தக் குழி வெறும் தொட்டியாகத்தான் நிற்கும். நடுவில் களிமண் அடுக்கைத் தாண்டி மணல் வரைக்கும் துளை போட வேண்டும். தோண்டிய குழியில் ஒரு குடம் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்தாலே மண் சொல்லிவிடும்.

மூன்று பக்கமும் மதில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். சுற்றளவு 280 அடி என்று பயமுறுத்தும் மதிப்பீடு வேண்டாம், வேலி 80 அடிக்குத்தான். அதில் 12 அடி கேட். மீதி 68 அடிக்கு எட்டரை அடிக்கு ஒரு கல்தூண், கேட்டுக்கு இரண்டு பக்கமும், முனைகளுக்குச் சாய்வுத் தாங்குக்கல் இரண்டும் சேர்த்தால் பன்னிரண்டு கல். ஏழடிக் கல்லில் இரண்டடி மண்ணுக்குள், ஐந்தடி வலைக்கம்பி வெளியே. சாய்வுக்கல்லை மிச்சப்படுத்தினால் கம்பியை இழுத்துக் கட்டும்போதே முனைக்கல் உள்பக்கம் சாயும். தகரம் அடிக்காதீர்கள். புயல் காற்றில் பறக்கும் என்பது ஒன்று, உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது என்பது இன்னொன்று. கண்ணுக்குத் தெரியும் இடத்தில் குப்பை எறியக் கொஞ்சம் கை கூசும்.

அப்புறம், மதிலோரம் நடந்து பாருங்கள். எத்தனை வீட்டு மாடி மழைநீர்க் குழாயும் குளியலறைக் குழாயும் மனைக்குள் திறந்திருக்கின்றன? அதைத் திருப்பாமல் மனு கொடுத்தால் உரிமையாளரின் முதல் பதில் அந்தக் குழாய்களின் படமாக இருக்கும்.

இரண்டுகிரவுண்டு:
உரிமையாளர் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். பெரும்பாலோர் வெளியூர் அல்லது வெளிநாடு. சுத்தம் செய்யக் கசக்காது. 'நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று தெருக்காரர்கள் சொன்னால்தான் பயம். பன்னிரண்டு ஆண்டு தடையின்றி வைத்திருந்தால் இடம் அவர்களுக்கே ஆகிவிடும், அதுதான் எதிரிடை அனுபவம் என்று யாரோ காதில் ஓதியிருப்பார்கள். முதல் கடிதத்தில் மிரட்டாமல், நலச்சங்கம் இடத்தில் எந்த உரிமையும் கோராது, சாவி உங்களிடமே இருக்கும் என்று எழுதுங்கள். செடி வைக்கவோ பிள்ளைகள் விளையாடவோ கேட்டால் பதினொரு மாத அனுமதிக் கடிதம், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்ற வரியோடு. அனுமதியோடு இருப்பது எதிரிடை அனுபவமாகாது. அவருக்கும் அந்தக் காகிதம் பாதுகாப்புதான். நிழற்குடை, பிள்ளையார் மேடை என்று எதையும் கட்டாதீர்கள், பேச்சே முறிந்துவிடும்.

காலிமனை வரி பாக்கியை அவருக்கு நினைவூட்டுவது மரியாதையான அழுத்தம். நாளைக்குக் கட்டட அனுமதிக்குப் போனால் அந்த ரசீதைக் கேட்பார்கள்.

ஊர்க்குருவி:
வில்லங்கம் பார்த்துவிட்டோம். கடைசிப் பதிவில் நீதிமன்ற ஜப்தி இருக்கிறது. இரண்டு தரப்பு பாகப்பிரிவினை வழக்கு போலிருக்கிறது. அறிவிப்பு யாருக்குப் போகும்?

மனுநீதி:
இரண்டு பேருக்கும். இ-கோர்ட்ஸ் தளத்தில் தரப்பினர் பெயரைப் போட்டால் வழக்கு எண்ணும் நிலையும் வழக்கறிஞர் பெயரும் வரும். தொல்லையை அகற்றுவது உரிமையைத் தீர்மானிப்பதல்ல, ஆகவே 'வழக்கு நிலுவையில்' என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

இந்த நிலையில் கோட்டாட்சியரிடம் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு. பொதுத் தொல்லையை அகற்ற நிபந்தனை உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு. மனு போனதும் வட்டாட்சியர் அல்லது காவல்துறை அறிக்கை கேட்பார், பிறகு உத்தரவு. ஆள் கிடைக்காவிட்டால் பொது அறிவிப்பாக வெளியிட்டு இடத்தருகே ஒட்டினாலே உத்தரவை அவரிடம் சேர்த்ததாகக் கணக்கு. உரிமையாளர் காணாமல் போன மனைக்கு இது பெரிய வசதி. உத்தரவு உறுதியான பிறகும் செய்யாவிட்டால் அரசே செய்து செலவை வசூலிக்க வழி உண்டு. உங்கள் வீட்டுக்கு மட்டும் இடைஞ்சல் என்று எழுதினால் தள்ளுபடி ஆகும். தெருவில் நடப்போர், பள்ளிப் பிள்ளைகள், எத்தனை வீடு என்று பொதுத்தன்மை தெரிய வேண்டும்.

நிதி இல்லை என்று உள்ளாட்சி சொன்னால் 1980ஆம் ஆண்டு இரத்லாம் நகராட்சி வழக்கை மனுவில் ஒரு வரி குறிப்பிடுங்கள். அதே 133ஆம் பிரிவில், பணமில்லை என்பது சாக்காகாது என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பு அது. துப்புரவுச் சேவைக் குறைபாட்டுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றமும் இருக்கிறது, நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

புலஎண்:
ஒன்று விட்டுப்போனது. ஜப்தியில் இருக்கும் இடத்தில் எல்லைக்கல் பிரச்சினை வந்தால் இரண்டு தரப்பும் உங்களைச் சாட்சிக்கு இழுப்பார்கள். வேலை தொடங்கும் முன் நிலஅளவையரை வைத்து அளக்கக் கேளுங்கள். அது முடியாவிட்டால் நான்கு மூலைக் கல்லையும் வெள்ளை அடித்து, பக்கத்து மதிலிலிருந்து நாடா பிடித்த தூரத்தோடு படம் எடுத்து வையுங்கள். வண்டி உள்ளே இறங்குவது அதற்குப் பிறகு.

வேலிக்கல்:
தெருவிளக்கு மனுவை மறந்துவிடாதீர்கள். குப்பை வண்டி காலை எத்தனை மணிக்கு வருகிறது என்றும் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பிய பிறகு வண்டி வந்தால் பை எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். நேரத்தை மாற்றச் சொல்லி வார்டின் பகுதி சபாவில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். வேலி போடுவதற்கு முன்பே கேட்க வேண்டியது அது.